சும்மா கிடந்த கற்கள்

எதிரே கடல் இரைந்துகொண்டிருக்க, அதைப் பார்த்தபடியே மொட்டை மாடியில் உட்கார்ந்து உப்புப் பாக்கெட்டைப் பிரித்து வாளித் தண்ணீரில் கரைத்த பெண், ராயபுரத்தில் எங்கள் அண்ணி ஒருத்தியாகத்தான் இருக்க வேண்டும். கல்யாணமாகி வந்த புதிதில், ஒரு ஞாயிற்றுக்கிழமை. உப்பைத் தராசில் நிறுப்பாள், துளி கூடிவிட்டதென்று கரண்டி நுனியால் எடுப்பாள், மறுபடி நிறுப்பாள். நகைக்கடைக்காரர்கூட அவ்வளவு கண்ணைச் சுருக்கிப் பார்க்க மாட்டார். துணி காயப்போட மாடிக்கு வந்த அம்மா இடுப்பில் கை வைத்துக்கொண்டு நின்றுவிட்டாள். "கடலு எதிர்க்கவே கீது. இவ இன்னாடான்னா பாரிமுனைக்குப் போயி உப்பு வாங்கினு வந்து தண்ணில கரைக்கிறா! ஏம்மே, ரெண்டு குடம் மொண்டுகினு வந்தா ஆவாதா?" அண்ணி தலையே நிமிரவில்லை. "கடல்ல எம்மாம் உப்பு கீதுன்னு எனக்குத் தெரியாது அத்தை. இந்த வாளில எம்மாம் கீதுன்னு தெரியும்" என்றாள். அம்மா காயப்போட வந்த துணியோடு அப்படியே கீழே இறங்கிப் போனாள். எங்கள் வீட்டில் அப்படி ஒரு காட்சியை நான் அதற்கு முன் பார்த்ததே இல்லை.

அண்ணி புளியந்தோப்பு ஹவுசிங் போர்டு குடியிருப்பில் பிறந்து வளர்ந்தவள். சின்ன வயதில் ஒருநாள் அவர்கள் வீட்டுக் கூரையிலிருந்து கான்கிரீட் பெயர்ந்து நேராகச் சோற்றுப் பானைக்குள் விழுந்ததாம். வீடே சோறு போச்சே என்று புலம்ப, இவள் மட்டும் அண்ணாந்து, கூரையில் பல்லைக் காட்டிக்கொண்டிருந்த துருக் கம்பியையே பார்த்துக்கொண்டு நின்றாளாம். "அன்னிக்கே முடிவு பண்ணிட்டேன், இந்தக் கம்பிய சும்மா வுடக்கூடாதுன்னு" என்று சொல்லிச் சொல்லிச் சிரிப்பாள். சிவில் படித்து, பாலிடெக்னிக்கில் பாடம் எடுத்துக்கொண்டே பிஎச்டிக்குப் பதிவு செய்திருந்தாள். அந்தப் பாலிடெக்னிக்குக்கு என் அண்ணன் தன் டெம்போவில் சிமென்ட் இறக்கப் போனான். மூட்டை ஒன்று எடை குறைகிறது என்று அவள் சண்டைக்கு வந்தாள். அந்தச் சண்டை கல்யாணத்தில் போய் முடிந்தது. மீன் விற்கிற வீட்டுக்கா நம் பெண் என்று அந்தப் பக்கமும், புத்தர் படம் மாட்டுகிற வீட்டுப் பெண்ணா என்று இந்தப் பக்கமும் கொஞ்ச நாள் முகத்தைத் தூக்கி வைத்திருந்தார்கள். அண்ணி சிரிக்கிற சத்தத்துக்கு முன்னால் யாராலும் அதிக நாள் முகத்தைத் தூக்கி வைத்திருக்க முடியவில்லை.

சீர்வரிசையோடு சேர்ந்து அவளுடைய ஆராய்ச்சியும் எங்கள் வீட்டுக்கு வந்தது. கடற்கரையில் கட்டுகிற கட்டடங்களில் உப்பு கான்கிரீட்டுக்குள் எப்படி இறங்குகிறது, விரிசல் இருந்தால் எவ்வளவு வேகமாக இறங்குகிறது என்பதுதான் விஷயம். உப்பு உள்ளே போய்க் கம்பியைத் தொட்டுவிட்டால் கம்பி துருப்பிடிக்கும், துரு ஊதும், கான்கிரீட் வெடித்துச் சோற்றுப் பானையில் விழும். கல்லூரி கடலிலிருந்து வெகு தூரம். எங்கள் மொட்டை மாடியோ கடல் காற்றின் வாயில் உட்கார்ந்திருந்தது. அவளுடைய பேராசிரியர், அவள் 'கைடு' என்று சொல்கிறவர், ஒருநாள் வந்து பார்த்துவிட்டு இதைவிட நல்ல இடம் கிடைக்காது என்று சொல்லிவிட்டார். அண்ணன் டெம்போவில் கற்கள் வந்து இறங்கின. ஒரு முழ நீளம், நாலு விரல் கனம், மேலே வழவழவென்று தளம் போட்ட கான்கிரீட் பலகைகள். எங்களுக்கு அவையெல்லாம் கல்தான். சில கற்களில் அவளே விரிசல் வைத்திருந்தாள். ஈரக் கான்கிரீட்டில் மெல்லிய தகட்டைச் செருகி, இறுகும் சமயம் பார்த்து உருவி எடுப்பாள். நல்ல கல்லுக்கு இவளே ஊறு பண்ணுகிறாளே என்று பக்கத்து வீட்டுக்காரிகள் மாடிக்கு வந்து பார்த்துவிட்டுப் போனார்கள்.

கற்களில் இரண்டு வகை இருந்தன. ஒரு வகைக்கு நான்கு பக்கமும் வரப்புக் கட்டி, ஞாயிற்றுக்கிழமைதோறும் உப்புத் தண்ணீர் ஊற்றுவாள். அடுத்த ஞாயிறு வடித்துவிட்டுக் காய விடுவாள். இவற்றுக்கு நான் குளிக்கிற கற்கள் என்று பெயர் வைத்தேன். இன்னொரு வகைக்கு ஒன்றும் செய்ய மாட்டாள். செங்கல் மேல் வரிசையாக, கடலைப் பார்த்தபடி அவை கிடக்கும். கடல் காற்று மட்டும் அவற்றுக்குள் எவ்வளவு உப்பை ஏற்றுகிறது என்று பார்ப்பதற்காக. இவை சும்மா கிடக்கிற கற்கள். மாடியில் பாதியைக் கற்களே பிடித்துக்கொள்ள, மீதிப் பாதியில் துணிக்கொடியும் அம்மாவின் கருவாட்டுப் பாயும் நெருக்கியடித்துக்கொண்டன. ராயபுரம் மார்க்கெட்டில் விற்காமல் மிஞ்சுகிற மீனை அம்மா கருவாடு போடுவது வழக்கம். இடம் போச்சே என்று முணுமுணுப்பாளே தவிர, குளிக்கிற கற்கள் பக்கம் தெருக் குழந்தைகளைக்கூட அண்ட விட மாட்டாள். "அது படிப்பு. தொட்டீங்க, தோலு உரிச்சிருவேன்" என்பாள்.

மாடியில் நடப்பதையே கூடத்தில் இருந்த கம்ப்யூட்டருக்குள்ளும் அண்ணி நடத்திக்கொண்டிருந்தாள். அண்ணன் எங்கோ பழைய விலைக்குப் பிடித்துக்கொண்டு வந்த கம்ப்யூட்டர் அது. அம்மா அதற்கு மஞ்சள் குங்குமம் வைத்திருந்தாள். திரையில் கட்டம் கட்டமாக ஒரு படம், மேலிருந்து நிறம் மெல்லக் கீழே இறங்கும். ஒருநாள் பக்கத்தில் உட்காரவைத்து எனக்கு விளக்கினாள். "கான்கிரீட்டு நம்ம ஏரியா மாதிரி. பூரா சந்து. உப்பு ஜனங்க மாதிரி, கூட்டத்துல இடிச்சுகினு மெதுவாத்தான் உள்ள போவும். விரிசல் மெயின் ரோடு. அதுல புகுந்தா சர்ர்ருனு போய்ச் சேந்துரும்." அந்தக் கணக்கு ஒருமுறை ஓடி முடிய ஒரு பகல் முழுக்க ஆகும். நடுவில் யாராவது மிக்ஸி போட்டால் வோல்டேஜ் இறங்கிக் கம்ப்யூட்டர் படுத்துவிடும், முதலிலிருந்து தொடங்க வேண்டும். அதனால் எங்கள் வீட்டில் சட்னி அரைக்கும் முன்னால் அம்மா சமையலறையிலிருந்து குரல் கொடுப்பாள்: "ஏம்மே, உப்பு எங்க கீது இப்போ? சட்னி அரைக்கட்டா?" "கம்பிகிட்ட வந்துட்டுது அத்தை, கொஞ்சம் பொறுங்க!" என்று பதில் வரும். வாரத்தில் பாதி நாள் பொடி தொட்டுத்தான் இட்லி தின்றோம்.

இவ்வளவுக்கும் ஒரு கெடு இருந்தது. கைடு ஓய்வு பெறப் போகிறார். அதற்குள் ஆய்வேட்டைக் கொடுத்துவிட வேண்டும். தவறினால் வேறு ஒருவரிடம் போய், வேறு தலைப்பில், பிள்ளையார் சுழியிலிருந்து ஆரம்பிக்க வேண்டும். வேலையும் வீடுமாக இருக்கிறவளுக்கு இன்னொரு முறை அது நடக்காது என்று அவளுக்கும் தெரியும், எங்களுக்கும் தெரியும். கம்ப்யூட்டர் சொன்ன கணக்கும் மாடியில் இருக்கிற கல்லும் ஒத்துப்போனால் பட்டம். இல்லாவிட்டால் இத்தனை உப்பும் வீண்.

கற்களை உடைக்கிற ஞாயிறும் வந்தது. திருவொற்றியூரில் கன்டெய்னர் யார்டு ஆபீசில் வேலை பார்த்துக்கொண்டிருந்த நான், அன்றைக்கு வந்த ஓவர்டைமை வேண்டாமென்று சொல்லிவிட்டு மாடியேறினேன். அண்ணன் உளி வைத்துச் சம்மட்டியால் போட, கல் இரண்டாகப் பிளக்கும். பிளந்த முகத்தில் அண்ணி சில்வர் நைட்ரேட் கரைசலைத் தெளிப்பாள், துணி தேய்க்கத் தண்ணீர் தெளிக்கிற பாட்டிலால். உப்பு ஏறிய இடம் வெளுக்கும், ஏறாத இடம் பழுப்பாகும். முதல் கல்லில் மேலிருந்து வெள்ளை இறங்கி, கம்ப்யூட்டர் சொன்ன இடத்தில் வந்து நின்றது. விரிசல் விட்ட கல்லில் வெள்ளை விரிசலோடு அடிவரைக்கும் இறங்கி, இரு பக்கமும் கசிந்து, கூடத்தில் திரையில் பார்த்த அதே படமாக இருந்தது. அண்ணி கையில் பாட்டிலோடு குதித்தாள். அண்ணன் விசில் அடித்தான். என் விரலெல்லாம் கரைசல் பட்டு, பத்து விரலிலும் ஓட்டுப் போட்டவள் மாதிரி கறுத்துப்போனது. அந்தக் குஷியில் சும்மா கிடந்த கற்களில் ஒன்றைப் பிளந்தோம். காற்று மட்டும்தானே, மேலே நகக்கண் அளவு வெளுத்தால் அதிகம் என்று கணக்கு சொல்லியிருந்தது. தெளித்ததும் பாதிக் கல் வெளுத்தது. இன்னொன்றை உடைத்தோம். அதுவும் அப்படியே. அண்ணி பாட்டிலைக் கீழே வைத்துவிட்டு மாடிக் கைப்பிடிச் சுவரில் போய் உட்கார்ந்தாள்.

அந்த வாரம் எங்கள் வீட்டில் சிரிப்புச் சத்தம் இல்லை. அண்ணி கைடுக்குப் போன் செய்தாள். கற்கள் மாறியிருக்க வேண்டும், இல்லையென்றால் உன் கணக்கு தப்பாக இருக்க வேண்டும், எதுவென்று தெரியாமல் ஒரு வரிகூட எழுதாதே என்று சொல்லிவிட்டார். கற்களில் சிவப்புப் பெயின்டால் எழுதியிருந்த அடையாளங்கள் மழைக்காலத்தில் அழிந்து, அண்ணியே மறுபடி எழுதியிருந்தாள். அப்போது மாற்றி எழுதிவிட்டோமோ என்று அவள் தன்னையே அரித்துக்கொண்டிருந்தாள். மழைக்குப் பயந்து கற்களை ஓரமாக நகர்த்திய அண்ணன் மேலும் சந்தேகம் திரும்பியது. "யோவ், ஒழுங்கா சொல்லு, எத எங்க வெச்ச?" "எடுத்த எடத்துலயே தான் வெச்சேன்மே, பேஜாரு பண்ணாத." கல்யாணத்துக்குப் பிறகு சண்டையே போடாத இரண்டு பேரும் அவரவர் தட்டைத் தூக்கிக்கொண்டு ஆளுக்கொரு மூலையில் போய்ச் சாப்பிட்டார்கள். அம்மா மட்டும் ஒன்றும் புரியாமல், "உப்பு ஏறுதான்னு பாக்கத்தான வெச்சா? ஏறிட்டுது. அதுக்கு ஏன் மூஞ்சத் தூக்கி வெச்சுகினு கீறா?" என்று என்னிடம் கேட்டாள். ஏறின அளவுதான் தப்பு என்று சொல்லிவிட்டு நான் ஆபீசுக்குக் கிளம்பினேன்.

அடுத்த ஞாயிறு காலை, அம்மா மார்க்கெட்டுக்குப் போயிருந்தாள். அண்ணி மறுபடி மாடியேறினாள், பின்னாலேயே நாங்கள் இருவரும். காற்றுதான் உப்பை ஏற்றியதென்றால் மேல்பரப்பு முழுக்க ஒரே சீராக ஏறியிருக்க வேண்டுமில்லையா, அதையாவது பார்ப்போம் என்றாள். உடைக்காத ஒரு கல்லின் மேலேயே கரைசலைத் தெளித்தாள். வெயிலில் கல் மெல்லப் பழுப்பேறத் தொடங்கியது. ஓரமெல்லாம் பழுப்பு. நடுவில் மட்டும் வெள்ளை, அகலமாக, ஒரு முனையில் குறுகி, மறுபடி கொஞ்சம் விரிந்து. மூன்று பேரும் குனிந்தோம். அது மீன். தலையைக் கடல் பக்கம் வைத்துக்கொண்டு, கல்லை நிறைத்துப் படுத்திருந்த மீன்.

"திருக்கை" என்றான் அண்ணன். "இம்மாம் அகலமா வேற எது கீது?" "திருக்கைக்கு ஏதுண்ணா இந்த வாலு? இது பாறை மீனு" என்றேன் நான். அண்ணி எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தாள். ஆராய்ச்சியே கவிழ்கிற நேரத்தில், எங்களுக்கு என்ன மீன் என்கிற வழக்குத் தீர்ந்தாக வேண்டியிருந்தது. அந்த நேரம் பார்த்துக் காலிக் கூடையோடு அம்மா படியேறி வந்தாள். எட்டிப் பார்த்தாள். "எவன்டா அவன் திருக்கைன்னு சொன்னது? மீன்காரி வவுத்துல பொறந்துட்டு! வாலப் பாரு, கவையே இல்ல. பன்னா அது. நடுவுல பொளந்து வெச்சா அகலமாத்தான் கீது. நல்ல பன்னா, வாரா வாரம் மெனக்கெட்டு நான்தான வெச்சேன்" என்று சொல்லி முடித்த பிறகுதான் எங்கள் முகங்களைக் கவனித்தாள்.

விஷயம் இதுதான். அண்ணி பாலிடெக்னிக்குக்கும் நான் ஆபீசுக்கும் போன பிறகு, வார நாட்களில் அம்மா உப்பில் ஊறிய மீனை எடுத்துவந்து அந்தக் கற்களில் காயவைத்திருக்கிறாள், கல்லுக்கு ஒன்றாக. மணல் ஒட்டாது, அடியிலிருந்தும் சூடு ஏறும், செங்கல் மேல் இருப்பதால் எறும்பு வராது. சாயங்காலம் பனி இறங்குமுன் எடுத்துவிட்டு, ஈரத்துணியால் பதமாகத் துடைத்தும் வைத்துவிடுவாள். எங்கள் தெருவில் கருவாட்டு வாசனையை வைத்து யாரையும் பிடிக்க முடியாது. "உன் படிப்புக் கல்லுப் பக்கமே நான் போவலம்மே. நீ தண்ணி ஊத்தறியே, அத்தத் தொடவே இல்ல. இது சும்மாத்தான கெடந்துச்சி? பாவம், வேலையில்லாத கல்லாச்சேன்னு..." என்று அம்மா இழுத்தாள். தொடக்கூடாததைத் தொடக்கூடாது என்று அத்தனை ஜாக்கிரதையாக இருந்து, எதில் ஒரு சொட்டு உப்புப் படக்கூடாதோ அதில் போய் மீனை வைத்திருக்கிறாள்! அண்ணி இரண்டு கையாலும் தலையைப் பிடித்துக்கொண்டு தரையில் உட்கார்ந்தாள். அழுகிறாள் என்றுதான் நினைத்தேன். தோள் குலுங்கியது. பிறகுதான் அந்தச் சத்தம் வந்தது. ஒரு வாரமாக அடைத்து வைத்திருந்த சிரிப்பு, தெருவில் போகிறவர்கள் அண்ணாந்து பார்க்கிற அளவுக்கு. "என் கணக்கு சரி! அத்தை, என் கணக்கு சரி! பன்னாவக் கணக்குல சேக்கல, அவ்ளோதான்!"

சிரித்து ஓய்ந்ததும்தான் அடுத்த கவலை வந்தது. கணக்கு சரி என்று வாயால் சொன்னால் போதாது. காற்றைத் தவிர வேறெதுவும் படாத ஒரு கல் வேண்டும். "எல்லாத்துலயும் வெச்சீங்களா அத்தை?" என்று அண்ணி கேட்டாள். அம்மா வரிசையைப் பார்த்துக்கொண்டே வந்து கோடியில் நின்றாள். "இத்த மட்டும் வெக்கல. கை வெச்சா கடக்கு கடக்குனு ஆடும். மீனு நழுவிக் கீழ வுழுந்துரும்." அண்ணன் அடியில் செங்கல்லைச் சரியாகக் கொடுக்காமல் விட்ட கல் அது. அவன் அதைத் தூக்கி நடுவில் வைத்தான். உளியை இரண்டு தடவை மாற்றி மாற்றி வைத்துப் பார்த்துவிட்டுச் சம்மட்டியைப் போட்டான். கல் பிளந்தது. அண்ணி தெளித்தாள். அம்மா கண்ணை மூடிக்கொண்டு காளியம்மனைக் கூப்பிட்டாள். பழுப்பு அடியிலிருந்து மேலே வரைக்கும் பரவிக்கொண்டே போனது, உச்சியில் மட்டும் கம்ப்யூட்டர் சொன்னபடி நகக்கண் அளவுக்கு ஒரு வெள்ளைக் கோடு. "நான் ஒழுங்கா வேல செஞ்சிருந்தா இன்னா ஆயிருக்கும் பாத்தியா!" என்று அண்ணன் காலரைத் தூக்கிவிட்டுக்கொண்டான். அண்ணி அவனை விட்டுவிட்டு அம்மாவைத்தான் கட்டிக்கொண்டாள், மீன் கூடையோடு சேர்த்து.

நடந்ததை மறைக்காமல் எழுது என்றார் கைடு. எழுதினாள். பன்னா எத்தனை நேரம் உப்பில் ஊறியது, வெயிலில் எவ்வளவு நேரம் கிடந்தது என்று அம்மாவை உட்காரவைத்துக் கேட்டு, அதையும் கணக்கில் போட்டு ஓட்டினாள். மீன் படுத்த கல்லுக்கும் கணக்கு ஏறக்குறைய ஒத்துப்போனது. கைடு ஓய்வு பெறுவதற்கு முன்பே ஆய்வேடு போய்ச் சேர்ந்தது. வைவா என்கிற வாய்மொழித் தேர்வு நாளன்று அம்மா பட்டுப்புடவையில் முன்வரிசையில் உட்கார்ந்திருந்தாள். அண்ணி இங்கிலீஷில் பேசப் பேச ஒன்றும் புரியாமல் தலையாட்டிக்கொண்டிருந்தவள், திரையில் அந்தக் கல்லின் படம் வந்ததும் "எங்க வூட்டு பன்னா!" என்று கத்தினாள். வெளியூரிலிருந்து வந்திருந்த தேர்வாளர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டார். பிறகு அவர் கேட்ட கேள்விகளில் பாதி அந்தக் கல்லைப் பற்றித்தான். அண்ணி ஒன்றுக்கும் தடுமாறவில்லை.

கடைசியில், சபையில் யாராவது கேள்வி கேட்கலாம் என்றார்கள். சம்பிரதாயமாகச் சொல்வது, யாரும் கேட்பதில்லை. அம்மா எழுந்துவிட்டாள். அண்ணன் முந்தானையைப் பிடித்து இழுத்தும் உட்காரவில்லை. "ஏம்மே, கல்லுக்கெல்லாம் கணக்கு போட்டியே, நம்ம வூட்டுக்குப் போட்டியா? மீன் கூடையத் தூக்கிக் கட்டுன வூடு. எம்மாம் காலம் நிக்கும், சொல்லு." அதுவரை தேர்வாளர்களைப் பார்த்து மடமடவென்று பதில் சொன்ன அண்ணி இப்போது அம்மா பக்கம் திரும்பினாள். "போட்டேன் அத்தை. வந்த புதுசுலயே போட்டேன். கடல் பக்கத்துத் தூணுல மட்டும் உப்பு கம்பிகிட்ட வந்துகினு கீது. மத்ததெல்லாம் கெட்டியா கீது" என்றாள். "அப்போ அந்தத் தூணு?" "அத்த நான் பாத்துக்கறேன். நான் இருக்கறவரைக்கும் அந்த வூட்டுக்கு ஒண்ணும் ஆவாது." அம்மா கண்ணைப் புடவைத் தலைப்பால் துடைத்துக்கொண்டு தேர்வாளர்கள் பக்கம் திரும்பினாள். "கேட்டுக்கினீங்களா சார்? இப்போ அந்தப் பட்டத்தக் குடுங்க."

கொடுத்தார்கள். அடுத்த கோடையில் அண்ணி அந்தத் தூணைச் செதுக்கி, துருவேறத் தொடங்கியிருந்த கம்பியை மாற்றி, புதிதாகக் கான்கிரீட் போட்டாள். இப்போது துறைமுகங்களில் அவளைக் கூப்பிட்டுத் தூண்களைப் பார்க்கச் சொல்கிறார்கள், முடியும் நரைத்துவிட்டது. எங்கள் வீட்டுத் தூண் அப்படியே நிற்கிறது. அம்மா அதில் சாய்ந்து உட்கார்ந்துதான் இன்றைக்கும் மீன் ஆய்கிறாள்.